பொட்டியின் காந்தம்

நாங்கள் அந்த நட்சத்திரத்துக்குப் பொட்டி என்று பெயர் வைத்திருந்தோம். தெலுங்கில் குள்ளச்சி என்று அர்த்தம். பட்டியலில் அதற்கு இருந்த பெயர் எழுத்தும் எண்ணுமாக லாரி நம்பர் பிளேட் மாதிரி இருக்கும், கூப்பிட வராது. அது ஒரு வெள்ளைக் குள்ளன். சூரியனைப் போன்ற ஒரு நட்சத்திரம் எரிந்து தீர்ந்து, சுருங்கிச் சுருங்கிப் பூமியளவுக்கு வந்து நின்றால் அதற்கு வெள்ளைக் குள்ளன் என்று பெயர். உருவம்தான் குள்ளம், எடை குறைந்தபாடில்லை. எங்கள் பொட்டிக்கு அதற்கு மேலும் ஒரு கொழுப்பு: அது ஒரு பயங்கரமான காந்தம். எவ்வளவு பயங்கரம் என்று கண்டுபிடிப்பதுதான் எங்கள் வேலை.

எங்கள் என்றால் நானும் என் சிநேகிதியும். திருப்பதியில் பல்கலைக்கழகத்து இயற்பியல் துறை, தொண்ணூறுகளின் பின்பாதி. நான் சித்தூர்க்காரி; தினமும் காலையில் பஸ் ஏறி இரண்டு மணி நேரம் போய், சாயங்காலம் அதேபோல் திரும்புவேன். அவள் நாயுடுபேட்டைக்காரி, ஹாஸ்டலில் இருந்தாள். என் வீட்டில் தமிழ், அவள் வீட்டில் தெலுங்கு. ஆய்வறையில் இரண்டையும் ஒரே பாத்திரத்தில் போட்டுக் கிளறி நாங்கள் ஒரு பாஷை பேசினோம். எங்கள் கைடு சார் அதைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, தலைவலி வந்தவர்போல் இங்கிலீஷுக்குத் தாவிவிடுவார்.

அந்த வருஷங்களில் எங்கள் வராந்தாவில் யாரும் இயற்பியல் பேசியதாக எனக்கு ஞாபகமில்லை. ஹைதராபாத்தில் எந்த இன்ஸ்டிட்யூட் நல்லது, எந்த கோர்ஸுக்கு விசா சீக்கிரம் கிடைக்கும் என்பதே பேச்சு. இரண்டாயிரம் பிறந்தால் உலகத்துக் கம்ப்யூட்டர்கள் எல்லாம் தேதி தெரியாமல் திகைத்து நின்றுவிடுமாம். அதற்கு முன்னால் சரிசெய்ய அமெரிக்காவுக்கு ஆட்கள் வேண்டுமாம். இயற்பியல்காரன் போனான், விலங்கியல்காரன் போனான், பட்டுப்பூச்சி வளர்ப்பில் பட்டம் வாங்கியவனும் போனான். என் சிநேகிதியும் ஆறு மாதம் லீவு போட்டு ஒரு கோர்ஸ் படித்துவிட்டு வந்தாள். வேலை கிடைத்தது, பாஸ்போர்ட் வந்தது, சென்னையில் விசா குத்தினார்கள். பொட்டி மட்டும் பாக்கி இருந்தது.

அவ்வளவு தூரத்திலிருக்கும் நட்சத்திரத்தின் காந்தத்தை எப்படி அளப்பாய் என்று அப்போது எல்லோரும் என்னைக் கேட்டார்கள், பஸ் கண்டக்டர் உட்பட. விஷயம் சுலபம். நட்சத்திரத்தின் வெளிச்சத்தை வண்ணம் வண்ணமாகப் பிரித்து வரைபடமாகப் போட்டால், சில இடங்களில் வெளிச்சம் குறைந்து பள்ளம் விழுந்திருக்கும். நட்சத்திரத்தின் மேற்பரப்பிலுள்ள ஹைட்ரஜன் விழுங்கிய வண்ணங்கள் அவை. பக்கத்தில் காந்தம் இருந்தால் ஒரு பள்ளம் மூன்றாகப் பிரியும். காந்தம் கூடக் கூட மூன்றும் விலகும். விலகிய தூரத்தை அளந்தால் காந்தத்தின் பலம் தெரிந்துவிடும். ஸ்கேலும் பென்சிலும் போதும்.

பொட்டியிடம் ஸ்கேல் பலிக்கவில்லை. காந்தம் அளவுமீறிப் போனால் பள்ளங்கள் மூன்றோடு நிற்பதில்லை. ஏராளமாகப் பிரிந்து ஆளுக்கொரு திசையில் ஓடும். நீலத்தில் இருந்தது பச்சைக்கு வரும். சிவப்பில் இருந்தது கண்ணுக்கே தெரியாத பக்கம் போய்விடும். எந்தக் காந்தத்துக்கு எந்தக் கோடு எங்கே போய் நிற்கும் என்று வெளிநாட்டில் சிலர் பெரிய கம்ப்யூட்டர்களில் கணக்கிட்டுப் படமாகப் போட்டிருந்தார்கள். அதைப் பார்த்தால் தட்டில் கொட்டிய இடியாப்பம்தான். நாங்கள் அதை இடியாப்பப் படம் என்றே சொன்னோம்.

இன்னொரு தொல்லையும் உண்டு. நட்சத்திரத்தின் எல்லா இடத்திலும் காந்தம் ஒரே அளவில் இருக்காது. துருவத்தில் இரண்டு பங்கு என்றால் நடுவயிற்றில் ஒரு பங்கு. எல்லா இடத்து வெளிச்சமும் கலந்துதான் நம்மிடம் வருகிறது. அதனால் ஓடித் திரியும் கோடுகள் ஒன்றோடொன்று கலைந்து மங்கிப்போகும். ஆனால் இடியாப்பத்தில் சில இழைகள் ஒரு பக்கமாகப் போய்க்கொண்டே இருந்து, ஓரிடத்தில் தயங்கித் திரும்பி வரும். அந்தத் திருப்பத்தில் மட்டும் காந்தம் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் கோடு நகராது. பள்ளம் கூர்மையாக நிற்கும். ஆகவே பொட்டியின் வெளிச்சத்தில் கூர்மையான பள்ளம் எங்கே இருக்கிறது, அந்த இடத்தில் திரும்புகிற இழை எது, அது எந்தக் காந்தத்தில் திரும்புகிறது என்று பார்த்துவிட்டால் வேலை முடிந்தது.

பொட்டியிடம் கூர்மையான பள்ளங்கள் மூன்று இருந்தன. ஜவ்வாது மலையில் ஒரு தொலைநோக்கியில் பதிவுசெய்து, கைடு சாருக்கு வேண்டியவர் ஒரு பிளாப்பியில் போட்டுக் கொடுத்தது. நீலத்தில் ஒன்று, பச்சையில் ஒன்று, சிவப்பில் ஒன்று. நீலத்துக்கும் பச்சைக்கும் இழை கிடைத்தது. சிவப்புக்குக் கிடைக்கவில்லை. கைடு சார் காகிதத்தில் அணுவைக் கணக்கிடுகிறவர், தொலைநோக்கிப் பக்கமே போனதில்லை, நாங்களும் அப்படித்தான். என் சிநேகிதி ஃபோர்ட்ரானில் ஒரு புரோகிராம் எழுதியிருந்தாள். நட்சத்திரத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் காந்தத்தைக் கணக்கிட்டு, எல்லா வெளிச்சத்தையும் கூட்டி, எங்கள் படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும். மூன்று பள்ளத்தையும் கொடுத்து நாலு மாதம் ஓட்டினோம். ஒவ்வொரு முறையும் அது ஒரு புதிய அபத்தத்தைத் துப்பியது. ஒரு தடவை பொட்டியின் காந்தம் கழித்தல் குறியோடு வந்தது. அன்றைக்கு இரண்டு பேரும் கம்ப்யூட்டர் அறைத் தரையில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தோம்.

அவள் கிளம்பும் வாரம் வந்தது. தன்னிடமிருந்த காகிதங்களை எல்லாம் ஒரு கட்டாகக் கட்டி என்னிடம் ஒப்படைத்தாள்.

"ஏமே, எல்லாம் உள்ள இருக்கு. பொட்டிய நல்லா பாத்துக்கோ," என்றாள்.

"நீ போய்ட்டா அது எனக்கு அடங்குமா?"

"எனக்கு மட்டும் அடங்குச்சா?"

குடும்பத்தோடு திருமலைக்குப் போய்விட்டு, வெள்ளிக்கிழமை மத்தியானம் இரண்டரை மணி ரயிலில் சென்னைக்குப் புறப்படுவதாகச் சொன்னாள். அமெரிக்கா போகிறவர்கள் எல்லோரும் முதலில் மலையேறித்தான் போனார்கள். நான் ஸ்டேஷனுக்கு வந்து வழியனுப்புகிறேன் என்றேன்.

வியாழக்கிழமை வீட்டில் கட்டைப் பிரித்தபோது ஒரு காகிதத்தின் பின்பக்கத்தில் அவள் கையெழுத்து. பிரஷர் குக்கர், இட்லித் தட்டு, ஆவக்காய், கோங்கூரா ஊறுகாய், ஸ்வெட்டர், இன்னொரு ஜோடி மூக்குக்கண்ணாடி. அமெரிக்காவுக்கு எடுத்துப்போக வேண்டியவற்றின் பட்டியல். அது இல்லாமல் அவள் இட்லித் தட்டை மறந்துவிட்டால் என்ன செய்வது? நாளை கொடுத்துவிடலாம் என்று பொட்டியின் படத்தோடு சேர்த்து ஃபைலில் வைத்தேன்.

நைனா, அதாவது என் அப்பா, சித்தூரில் மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றில் எக்ஸ்ரே எடுக்கிறவர். காலையில் சீக்கிரம் போய்விடுவார். பஸ்ஸுக்குப் போகிற வழியில் டிபன் டப்பாவை நான் கொடுத்துவிட்டுப் போவேன். அவர் அறைச் சுவரில் பிலிம் மாட்டிப் பார்க்கிற விளக்குப் பெட்டி ஒன்று உண்டு. தீசிஸுக்காகப் படங்களை அதில் வைத்து டிரேசிங் தாளில் நகல் எடுப்பது என் வழக்கம். வெள்ளிக்கிழமையும் அப்படித்தான் போனேன்.

"துன்னுட்டியா?" என்றார் நைனா.

"துன்னேன் நைனா. பத்து நிமிஷம் லைட்டு வேணும்."

"போட்டுக்கோ. ஒரு கை ஒடைஞ்ச கேஸ் வந்துக்கினு கீது, அதுக்குள்ள முடி."

பொட்டியின் படத்தை எடுத்து வெளிச்சத்தில் ஒட்டினேன். பட்டியல் எழுதியிருந்த காகிதமும் பின்னால் ஒட்டிக்கொண்டு வந்தது, நான் கவனிக்கவில்லை. பேனாவை எடுத்துக் குனிந்தால், பொட்டியின் கோட்டுக்குக் கீழே இன்னொரு கோடு மங்கலாகத் தெரிந்தது. பட்டியலின் மறுபக்கத்தில் அச்சாகியிருந்த படம் அது. அதே பிளாப்பியில் இருந்த இன்னொரு நட்சத்திரம். காந்தமும் இல்லை, கோளாறும் இல்லை. கருவியைச் சரிபார்க்க எடுக்கிற சாதாரண நட்சத்திரம். எங்களுக்குத் தேவைப்படாது என்று முடிவுகட்டி அவள் அதைப் பட்டியல் எழுதப் பயன்படுத்தியிருந்தாள்.

இரண்டு படமும் ஒரே அளவில் அச்சானவை. நீலத்தில் பொட்டி பள்ளத்தில் இறங்கியபோது மற்றது பேசாமல் போனது. பச்சையிலும் அப்படியே. சிவப்புக்கு வந்தபோது இரண்டும் ஒரே இடத்தில், ஒரே அகலத்தில், சொல்லிவைத்தாற்போல் இறங்கி ஏறின.

எனக்கு முதலில் மை ஊறிவிட்டதோ என்று தோன்றியது. காகிதங்களைப் பிரித்துத் தனித்தனியாகப் பார்த்தேன். மறுபடி சேர்த்து வைத்தேன்.

"நைனா, இங்க வாங்களேன்!"

அவர் ஈய ஏப்ரனைக் கழற்றாமலே வந்தார். "இன்னாம்மா?"

"இந்த எடத்தப் பாருங்க. ரெண்டுலயும் பள்ளம் கீதா?"

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். "கீது. ஒரே எடத்துல கீது."

"இது வேற நட்சத்திரம், அது வேற நட்சத்திரம். ஒன்னுக்கொன்னு சம்பந்தமே இல்ல."

"அப்போ பேஷண்ட்டு மேல தப்பு இல்ல," என்றார் உடனே. "போன மழைக்காலத்துல வர்றவங்க எல்லாருக்கும் வெலா எலும்புல ஒரே கோடு. டாக்டரம்மா பயந்தே போய்ட்டாங்க. அப்பால பாத்தா பிலிம் வைக்கிற கேசட்டுல கீறல். ஒனுக்கும் நடுவுல எங்கியோ கீறல் கீது பாரு."

நடுவில் என்றால் எங்கே? கருவியிலா, தொலைநோக்கியின் கண்ணாடியிலா? யோசித்துக்கொண்டே ஓடிப்போய் பஸ் ஏறினேன். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. இரண்டு காகிதத்தையும் மடியில் விரித்து சிவப்புப் பள்ளத்தின் இடத்தைக் குறித்துப் பார்த்தேன்: அலைநீளம் ஆறாயிரத்து எண்ணூற்றுச் சொச்சம் ஆங்ஸ்ட்ராம். எங்கேயோ கேட்ட எண். பாகாலா தாண்டியதும் பஸ் வேகம் பிடித்தது. காகிதங்கள் படபடவென்று அடித்து, ஒன்று பக்கத்து சீட்டு அம்மாவின் முகத்தில் போய் ஒட்டிக்கொண்டது.

அந்த அம்மா காகிதத்தைப் பிடுங்கி என் கையில் திணித்தார். "ஜன்னல மூடு கண்ணு. காத்து பாரு எப்படி அடிச்சிக்கினு கீது!"

காத்து.

பி.எஸ்சி. இரண்டாம் வருஷம், இரண்டு மார்க் கேள்வி: சூரிய ஒளியில் காணப்படும் கருங்கோடுகளில் சூரியனுக்குச் சொந்தமில்லாதவை எவை? விடை: பூமியின் காற்றிலுள்ள ஆக்ஸிஜன் விழுங்குவதால் சிவப்புப் பகுதியில் தோன்றும் கோடுகள். இடத்தையும் எழுதினால் முழு மார்க். நான் இடத்தையும் எழுதி முழு மார்க் வாங்கியவள்! அந்த மார்க்கை வாங்கிக்கொண்டு, நாலு மாதமாக ஜவ்வாது மலைக் காற்றை ஒரு நட்சத்திரத்தின் காந்தத்துக்குள் திணிக்கப் பார்த்திருக்கிறேன்.

சிரிப்பு வந்துவிட்டது. சாதாரணச் சிரிப்பில்லை, அடக்க அடக்க விக்கலாக வெளியே வந்தது. பக்கத்து அம்மா, காகிதம் முகத்தில் ஒட்டியதற்குத்தான் சிரிக்கிறேன் என்று நினைத்து முறைத்தார். பிறகு அவருக்கும் சிரிப்பு வந்தது. எதற்கென்று தெரியாமலே சந்திரகிரி வரை என்னோடு சேர்ந்து சிரித்தார்.

துறைக்குப் போய்ச் சேர்ந்தபோது பதினொன்று. கம்ப்யூட்டர் அறைக்குள் தூசி போகக்கூடாது என்று செருப்பை வாசலில் விடச் சொல்வார்கள். உதறிவிட்டு உள்ளே பாய்ந்தேன். கைடு சார் பரீட்சை வேலையாக வெளியூர் போயிருந்தார். அறையில் நானும் ஏ.சி. மெஷினும்தான். சிவப்புப் பள்ளத்தை எடுத்துவிட்டு, மற்ற இரண்டை மட்டும் கொடுத்துப் புரோகிராமை ஓடவிட்டேன்.

அது ஓட ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். உட்கார முடியவில்லை. அறைக்குள்ளேயே நடந்தேன். ஏ.சி.யிடம் கொஞ்ச நேரம் பேசினேன். மின்சாரம் போய்விடக்கூடாது என்று ஜெபம் பண்ணினேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடுகிற பாட்டு ஒன்றை ஹம் பண்ணினேன். திரையில் எண்கள் ஏறிக்கொண்டே இருந்தன.

ஒரு மணிக்குச் சற்று முன்னால் நின்றது. வரைபடத்தைத் திரையில் போட்டேன்.

நீலம் பொருந்தியிருந்தது. பச்சை பொருந்தியிருந்தது. துருவத்தில் முப்பது கோடி காஸ்; காந்தத்தின் பலத்தை அந்த அலகில்தான் சொல்வோம். பூமியின் காந்தம் ஒரு காஸ்கூட இல்லை, பாதிதான் தேறும். அதோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் என்னை நாற்காலியிலிருந்து எழுப்பியது அதுவல்ல. புரோகிராம் நான் கேட்காத ஒன்றையும் சொல்லியிருந்தது: ஆரஞ்சுக்குப் பக்கத்தில் இன்னொரு சிறிய பள்ளம் இருக்க வேண்டும் என்று. பொட்டியின் படத்தை எடுத்து அந்த இடத்தைப் பார்த்தேன். இருந்தது. சின்னதாக, கூர்மையாக. அதற்குப் பக்கத்தில் என் சிநேகிதி பென்சிலால் 'குப்பை' என்று எழுதி வட்டம் போட்டிருந்தாள்.

நான் கத்தினேன் என்று நினைக்கிறேன். அடுத்த அறையிலிருந்து அட்டெண்டர் எட்டிப் பார்த்தார்.

உடனே அச்சடிக்கக் கொடுத்தேன். அந்த பிரிண்டரில் காகிதம் தனித்தனியாக வராது. ஓரத்தில் துளை போட்ட நீண்ட சுருளாக மடிப்பு மடிப்பாக வரும். முழுப் படமும் பெரிதாக வரட்டும் என்று கொடுத்துவிட்டேன். கர் கர் என்று அரைத்து அரைத்துப் பதினைந்தடிக்கு மேல் நீண்டது. முடிந்தபோது இரண்டாகப் பத்து நிமிஷம். சுருளையும் ஃபைலையும் மார்போடு அணைத்துக்கொண்டு கேட்டுக்கு ஓடி ஆட்டோ பிடித்தேன்.

திருப்பதியில் வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆட்டோ பிடிப்பதற்கும் பிடிக்காததற்கும் பெரிய வித்தியாசமில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் வந்ததும் நின்றுவிட்டது. முன்னால் பஸ்கள், ஜீப்புகள், மொட்டையடித்துச் சந்தனம் பூசிய தலைகள். இரண்டு இருபது. இறங்கி ஓடினேன். பத்தடி போனதும் தார் ரோடு உள்ளங்காலைச் சுட்டது. அப்போதுதான் தெரிந்தது, செருப்பு கம்ப்யூட்டர் அறை வாசலிலேயே இருக்கிறது.

வேறு ஊராக இருந்தால் நின்று பார்த்திருப்பார்கள். திருப்பதியில் வெறுங்காலோடு ஓடுகிற பெண்ணை யாரும் ஏன் என்று கேட்பதில்லை. ஏதோ வேண்டுதல் என்று நினைத்தார்கள். கையில் மடிப்பு மடிப்பாக வெள்ளைக் காகிதம் வேறு. ஒரு பெரியவர் வழிவிட்டுக் கும்பிட்டு, "கோவிந்தா!" என்றார். அவருக்குப் பின்னால் வந்த கூட்டம் மொத்தமும் "கோவிந்தா, கோவிந்தா!" என்றது. கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. சித்தூர் சர்ச்சில் பாடகர் குழுவில் மூன்றாவது வரிசையில் நிற்கிற நான், அத்தனை கோவிந்தாவுக்கும் நடுவில், சிரித்துக்கொண்டே, சுடுகிற காலைத் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குள் ஓடினேன்.

ரயில் நின்றுகொண்டிருந்தது. அவள் பெட்டிக்கு வெளியே நின்று என்னைத்தான் தேடிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவளுடைய அப்பா, புது மொட்டையோடு. கூட்டிப்போக வந்திருந்த சென்னை மாமா சாமான்களை விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

தூரத்திலிருந்தே கத்தினேன். "பொட்டி கெடச்சிட்சி! பொட்டி கெடச்சிட்சிடி!"

சென்னை மாமா அதிர்ந்து திரும்பினார். "எந்தப் பொட்டி? எதுனா விட்டுட்டீங்களா?" என்று மறுபடி முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தார்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. "நிஜமாவா? எவ்ளோ?"

"முப்பது கோடி!"

அதைக் கேட்டு மாமாவுக்கு எண்ணிக்கை மறுபடியும் தவறியது.

சுருளைப் பிளாட்பாரத்தில் விரித்தேன். அவள் அப்பா ஒரு முனையில் தன் பையை வைத்து அழுத்தினார். அவள் புதுச் சுடிதாரோடு தரையில் முழங்காலிட்டு, படத்தின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே வந்தாள். போகிறவர்கள் காகிதத்தை மிதிக்காமல் தாண்டித் தாண்டிப் போனார்கள்.

"நீலம் சரி. பச்சை சரி. செவப்பு எங்க? எடுத்துட்டியா?"

"அது பொட்டியோடது இல்ல. காத்து."

"ஏன்ட்டி? காத்தா?"

"காத்துடி! ஆக்ஸிஜன். காலி!"

அவள் பாஷையில் காலி என்றால் காற்று. என் பாஷையில் காலி என்றால் தீர்ந்தது, ஒன்றுமில்லை. அவள் தலையைத் தூக்கிப் பிளாட்பாரத்துக்கு மேலே இருந்த வெறும் வெளியைப் பார்த்தாள்.

"நாலு மாசம்," என்றாள். "நாலு மாசமும் காலியா?"

"ரெண்டு விதத்துலயும் காலி."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு சிரித்தோம். ஒரு வயதான அம்மா நின்று காகிதத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். நாங்கள் நட்சத்திரம் நட்சத்திரம் என்று பேசியதைக் கேட்டிருக்கிறார்.

"ஜாதகமா கண்ணு? இம்மா நீளமா கீதே. எந்த நட்சத்திரம்?"

"இது வயசானதும்மா," என்றாள் என் சிநேகிதி முகத்தைச் சீரியஸாக வைத்துக்கொண்டு. "வரன் அமையாது."

அந்த அம்மா நிஜமாகவே வருத்தப்பட்டு, திருச்சானூர்த் தாயாரிடம் வேண்டிக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனார்.

ஃபைலிலிருந்து பொட்டியின் பழைய படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். அப்புறம் அவள் 'குப்பை'யைப் பார்த்தாள். புரோகிராமின் பள்ளத்தையும், பொட்டியின் பள்ளத்தையும், தன் கையெழுத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது. கைப்பையிலிருந்து பேனாவை எடுத்து அந்த வார்த்தையை ஒரே கோடாக அடித்தாள். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் எழுதிய புரோகிராம் அல்லவா. அவள் குப்பை என்று தள்ளியதை அவளுடைய கணக்கே தோண்டி எடுத்திருந்தது.

"சாய்வு மாத்திப் பாத்தியா?" என்றாள் திடீரென்று. "துருவம் நம்ம பக்கம் எவ்ளோ சாய்ஞ்சிருக்குன்னு? அத மாத்துனா விடை மாறலாம்."

"இன்னும் இல்ல. ஒரே ஒரு தடவைதான் ஓட்டுனேன்."

"மாத்திப் பாரு. ஆறு கோணத்துக்கும் பாரு." காகிதத்தின் ஓரத்தில் ஆறு கோணங்களையும் எழுத ஆரம்பித்தாள். நாலாவதை எழுதும்போது ரயில் கூவியது.

மாமா அவளைத் தூக்காத குறையாக ஏற்றினார். அவள் ஜன்னலுக்கு ஓடி வந்தாள். காகிதத்தின் ஒரு முனை அவள் கையிலேயே இருந்தது. மறுமுனை என் கையில். ரயில் நகர்ந்தது. மடிப்புகள் ஒவ்வொன்றாக விரிந்து எங்களுக்கு நடுவில் காற்றில் நெளிந்தன.

"விடுடி!" என்றேன்.

"நீ விடு!" என்றாள். "அஞ்சாவது அறுபது! ஆறாவது எண்பது!"

நான் வெறுங்காலோடு பக்கத்திலேயே ஓடினேன். பிறகு ஓட முடியாத வேகம் வந்தது. துளை போட்ட மடிப்பில் காகிதம் நேர்த்தியாகக் கிழிந்தது. நீலமும் பச்சையும் என்னிடம். சிவப்பு அவளோடு போய்விட்டது. அவள் கையில் அது வால்போல் ஆடிக்கொண்டே போவதை வளைவு வரை பார்த்தேன். அழுகை வந்தது, ஆனால் வாய் சிரிப்பை விடவில்லை. அவள் அப்பாவும் என் பக்கத்தில் நின்று மொட்டைத் தலையைத் துண்டால் துடைக்கிற சாக்கில் கண்ணைத் துடைத்தார். இட்லித் தட்டு எழுதியிருந்த பட்டியல் என் ஃபைலிலேயே இருந்தது. அவள் தட்டை மறந்துவிட்டுத்தான் போனாளாம்; பிறகு தெரிந்தது.

அடுத்த வாரம் ஆறு கோணத்துக்கும் ஓட்டினேன். விடை முப்பது கோடியை ஒட்டியே கொஞ்சம் மேலும் கீழுமாக ஆடியது, அவ்வளவுதான். கைடு சார் ஊரிலிருந்து வந்ததும் எல்லாவற்றையும் அவர் மேஜையில் வைத்தேன். மத்தியானம் வரை கணக்குப் போட்டார். நான் வாசலில் நின்றேன். கடைசியில் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "காற்று," என்றார். அந்த ஒரு வார்த்தையை அவர் தமிழில் சொன்னார். ஏழு வருஷத்தில் முதல் தடவையாக அவர் சிரிப்பதைப் பார்த்தேன். தோள் குலுங்க, சத்தமே இல்லாமல் சிரித்தார். பிறகு எழுந்து கேண்டீனுக்குப் போய், துறையிலிருந்த எல்லோருக்கும் பாதாம் பால் சொன்னார். எதற்கென்று யாருக்கும் தெரியவில்லை, குடித்தார்கள்.

கட்டுரை எழுதினோம், மூன்று பெயர்கள் போட்டு. அவளுடையதுதான் முதலில் வர வேண்டும் என்று நான் சண்டை போட்டேன். இல்லை, உன்னுடையதுதான் என்று அவள் நியூ ஜெர்சியிலிருந்து மின்னஞ்சலில் சண்டை போட்டாள். துறைக்கு மொத்தமே ஒரு மின்னஞ்சல் முகவரிதான். சண்டையை முதலில் கைடு சார் படித்துவிட்டு, அச்செடுத்து, அறிவிப்புப் பலகையில் குத்திவைப்பார். என் பதிலையும் அங்கேயே எல்லோரும் படித்தார்கள். அவள் அங்கே ஏதோ பேங்க் புரோகிராம்களில் இரண்டு இலக்க வருஷங்களை நாலு இலக்கமாக மாற்றிக்கொண்டிருந்தாள். 'சாப்பாட்டு நேரத்தில் மேனேஜரிடம் பொட்டியைப் பற்றிச் சொன்னேன்,' என்று ஒரு தடவை எழுதியிருந்தாள். 'முழுக்கக் கேட்டுவிட்டு, இரண்டாயிரத்துக்குப் பிறகும் அது வேலை செய்யுமா என்று கேட்டார். செய்யும் என்று உத்தரவாதம் கொடுத்திருக்கிறேன்.'

கட்டுரை ஏற்கப்பட்ட கடிதம் ஒரு சனிக்கிழமை வந்தது. யாருடைய பெயர் முதலில் என்பதைக் கைடு சார் நாணயம் சுண்டித் தீர்த்திருந்தார். என் பெயர் விழுந்திருந்தது. வீட்டில் நைனாவிடம் காட்டினேன். இங்கிலீஷ் கடிதத்தை இரண்டு தடவை நிதானமாகப் படித்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

மறுநாள் ஆராதனையில் சாட்சி சொல்கிற நேரம் வந்தது. பிள்ளைக்கு வேலை கிடைத்தது, காய்ச்சல் விட்டது என்று ஒவ்வொருவராக எழுந்து நன்றி சொல்வார்கள். நைனா எழுந்தார். நான் பாடகர் வரிசையில் பாட்டுப் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டேன்.

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம்," என்றார். "எம்பொண்ணு ஒரு நட்சத்திரத்தோட காந்தத்த அளந்துட்டா. முப்பது கோடி காஸ். இங்கேருந்தே அளந்தா. தொட்டுக்கூடப் பாக்கல."

சபையார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு எல்லோரும் சேர்ந்து, "ஆமென்!" என்றார்கள்.

ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் வேப்பமரத்தடியில் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். அந்தக் காந்தம் இங்கே வரைக்கும் இழுக்குமா, கைக்கடிகாரம் நின்றுபோகுமா, இதனால் மழை குறையுமா? டீச்சரம்மா ஒருவர், தொடாமல் எப்படி அளந்தாய் என்று கேட்டார். நான் பட்டுப்புடவையைச் செருகிக்கொண்டு மணலில் குந்தினேன். ஒரு குச்சியை எடுத்து, ஒரு பள்ளத்தையும், அது மூன்றாகப் பிரிவதையும் வரைந்தேன். அவர்கள் குனிந்தார்கள். நான் அடுத்த கோட்டை இழுத்தேன். கேட்டைப் பூட்ட வந்த பாதிரி ஐயரும் சாவிக்கொத்தோடு நின்று, "கொஞ்சம் தள்ளுங்கப்பா, எனுக்குத் தெரியல," என்றார்.